ஆய்வறிக்கையில் ஒரு பெயர்: ஒருசெல் உயிரிகளும் கடற்பஞ்சுகளும்

ஆய்வுக்கூடத்தின் அறிக்கையைக் கையில் ஏந்தியபடி எங்கள் அறைக்குள் வருவோர் பலர் ஒரே வினாவையே வெவ்வேறு சொற்களில் கேட்கின்றனர். "டாக்டர், அமீபா இருக்குன்னு எழுதியிருக்கு. அதுவும் பாக்டீரியா மாதிரிதானே? போன மாசம் சளிக்கு வாங்கின ஆன்டிபயாடிக் நாலு மாத்திரை வீட்டிலே மிச்சம் இருக்கு. அதையே அம்மாவுக்குக் கொடுக்கலாமா?"

கொடுக்கலாகாது என்பதே விடை. அதற்கான காரணத்தை விளக்கப் புகுந்தால், பள்ளியில் விலங்கியல் நூலின் தொடக்கப் பக்கங்களில் படித்து மறந்த பாடத்திற்கே திரும்பிச் செல்ல வேண்டியிருக்கிறது. முதலில் ஒருசெல் உயிரிகள். அவற்றை அடுத்துக் கடற்பஞ்சுகள். தேர்வுக்காக உருப்போட்ட அப்பெயர்களில் சில இன்று நம் மருத்துவமனையின் அறிக்கைகளிலும் மருந்துச் சீட்டுகளிலும் வந்து நிற்கின்றன. முதற்பாடத்து உயிரிகள் சில நோயாக வருகின்றன. இரண்டாம் பாடத்து உயிரி ஒன்று மருந்தாக வந்திருக்கிறது. இரண்டையும் சேர்த்தே இவ்விதழில் காண்போம்.

பாக்டீரியாவும் இவையும் வேறு

புரோட்டோசோவா என்னும் சொல்லுக்கு 'முதல் விலங்குகள்' என்பது பொருள். ஒரே செல்லாலான விலங்கியல்புடைய உயிரிகளுக்கு மட்டுமே இப்பெயர் உரியது என்று 1845இல் வரையறுத்தவர் ஜெர்மானிய அறிஞர் சீபோல்டு. ஆனால் இவற்றை முதலில் கண்டவர் அறிஞர் அல்லர், துணி வணிகர். ஹாலந்து நாட்டின் டெல்ஃப்ட் நகரைச் சேர்ந்த லீவன்ஹூக், தாமே தேய்த்துச் செய்த வில்லைகளின் வழியே 1674இல் ஏரி நீரை நோக்கியபோது அதில் நுண்ணுயிர்கள் நீந்தக் கண்டார். 1681இல் தமக்கு வயிற்றுப்போக்கு வந்தபோது தம் மலத்தையே எடுத்துப் பார்த்தார். அங்கே அசைந்துகொண்டிருந்தவை ஜியார்டியா என்று இன்று நாம் அழைக்கும் உயிரிகள் என்பது அவர் எழுதிய வருணனையிலிருந்து தெரிகிறது. மலப் பரிசோதனைக்கு மாதிரி தரக் கூச்சப்படுவோரிடம் இந்நிகழ்ச்சியை நாங்கள் சொல்வதுண்டு.

பாக்டீரியாவும் ஒற்றைச் செல்லே. எனினும் அதன் செல்லுக்குள் சவ்வால் சூழப்பட்ட உட்கரு கிடையாது; வெளியே உறுதியான செல்சுவர் உண்டு. பென்சிலின் குடும்பத்து மருந்துகள் அச்சுவரைக் கட்டவிடாமல் தடுத்தே பாக்டீரியாவைக் கொல்கின்றன. ஒருசெல் உயிரியிடம் அத்தகைய சுவர் இல்லை. உடைப்பதற்குச் சுவரில்லாத இடத்தில் கடப்பாரைக்கு வேலையுமில்லை. மேலும் புரோட்டோசோவாவின் செல்லில் நம் செல்லில் உள்ளவாறே உட்கரு உண்டு. கட்டமைப்பில் அது பாக்டீரியாவைவிட நமக்கே நெருங்கியது. நமக்கு நெருங்கிய ஒன்றைக் கொல்லும் மருந்து நம்மையும் ஓரளவு வருத்தக்கூடும். ஆகவேதான் இந்நோய்களுக்கான மருந்துகள் எண்ணிக்கையில் குறைவு. அளவும் நாளும் கணக்கிட்டே கொடுக்கப்படுகின்றன.

இவ்விதிக்கு விலக்குகள் உண்டு என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். மெட்ரோனிடசோல் என்னும் மருந்து சில பாக்டீரியாக்களையும் அமீபாவையும் ஒருங்கே தாக்குகிறது. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வாழும் உயிரியின் செல்லுக்குள்தான் அது நஞ்சாக மாறும். அவ்வாழ்க்கை முறை இவ்விரு சாராருக்கும் பொது. மலேரியா ஒட்டுண்ணியின் உள்ளே, பாசியினத்தின் எச்சமாகிய நுண்ணுறுப்பு ஒன்று இருக்கிறது. அதன் பூர்வீகம் பாக்டீரியாவைச் சேர்ந்தது. அதனால் டாக்சிசைக்ளின் போன்ற ஆன்டிபயாடிக் அவ்வுறுப்பை மெதுவாகச் செயலிழக்கச் செய்கிறது. ஆயினும் எந்த மருந்து எந்த உயிரியிடம் செல்லும் என்பதை அறிந்தவரே தேர்ந்தெடுக்க வேண்டும். அலமாரியில் மிஞ்சிய மாத்திரை அதற்கு ஈடாகாது.

நகரும் முறையால் நான்கு பிரிவுகள்

பழைய பாடநூல்கள் புரோட்டோசோவாவை நான்காகப் பிரித்தன. அப்பிரிவினைக்கு அடிப்படை, அவ்வுயிரி எவ்வாறு நகர்கிறது என்பதே. போலிக்கால் நீட்டி ஊர்வன ஒரு பிரிவு. சாட்டை போன்ற கசையிழையைச் சுழற்றி நீந்துவன மற்றொன்று. உடலெங்கும் மயிர்போல் அமைந்த குறு இழைகளைத் துடுப்பாக்கி விரைவன மூன்றாவது. நகர்வதற்கென்று வெளிப்படையான உறுப்பின்றி ஒட்டுண்ணியாகவே வாழும் வித்துயிரிகள் நான்காவது.

இன்றைய அறிவியல் இப்பிரிவினையை அப்படியே ஏற்பதில்லை. 1969இல் விட்டேக்கர் வகுத்த ஐந்துலக வகைப்பாட்டில் இவை விலங்குலகத்திலிருந்தே வெளியேறிப் புரோட்டிஸ்டா என்னும் தனி உலகத்தில் வைக்கப்பட்டன. பின்னர் மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்த்தபோது, ஒன்றுபோல் ஊர்வன எல்லாம் உறவினர் அல்ல என்பதும், தோற்றத்தில் ஒவ்வாதவை சில நெருங்கிய உறவினர் என்பதும் புலனாயின. இழையால் நீந்தும் பரமீசியமும், இழையே இல்லாத மலேரியா ஒட்டுண்ணியும் ஒரே பெருங்குடும்பத்தின் கிளைகள் என்றால் பழைய ஆசிரியர்கள் வியந்திருப்பர். ஆயினும் நுண்ணோக்கியின் முன் அமர்ந்திருக்கும் ஆய்வுக்கூடப் பணியாளருக்கு நகரும் முறையே இன்றும் முதல் அடையாளம். ஆகையால் பழைய நான்கையே நாமும் பின்பற்றுவோம்.

போலிக்கால் உயிரிகள்

குளத்து நீரில் வாழும் அமீபாவுக்கு நிலையான உருவம் கிடையாது. செல்லின் ஒரு பகுதி முன்னே வழிந்து கால்போல் நீளும். மற்றப் பகுதி அதனுள் பாய்ந்து சேரும். இரையையும் அப்படியே சூழ்ந்து விழுங்கும். உள்ளே புகும் மிகுதியான நீரை வெளியேற்ற, நிரம்பிச் சுருங்கும் குமிழ் ஒன்று அதற்குண்டு. உண்பதும் செரிப்பதும் கழிப்பதும் பெருகுவதும் அனைத்தும் அந்த ஒரே செல்லுக்குள். இனப்பெருக்கம் பெரிதும் இரண்டாகப் பிளத்தலால் நிகழும்.

நம் குடலுக்குள் வாழும் அமீபாவின் பெயர் என்டமீபா ஹிஸ்டாலிடிகா. 'திசுவைக் கரைப்பது' என்பது அப்பெயரின் பிற்பகுதிக்குப் பொருள். பெயருக்கேற்பப் பெருங்குடலின் உட்சுவரை அரித்துச் சீதபேதியை உண்டாக்குகிறது. சிலரில் இரத்தத்தின் வழியே கல்லீரலை அடைந்து சீழ்க்கட்டியை ஏற்படுத்துகிறது. வலப்புற விலா எலும்பின் கீழ் வலி, காய்ச்சல் இவற்றுடன் வருவோர், வயிற்றுப்போக்கு இருந்ததாகவே நினைவில்லை என்று கூறுவது அரிதன்று.

இவ்வுயிரிக்கு இரு நிலைகள் உண்டு. ஊர்ந்து உண்ணும் நிலை ஒன்று. தடித்த உறைக்குள் ஒடுங்கிக் காத்திருக்கும் நிலை மற்றொன்று. பின்னதைச் சிஸ்ட் என்று அறிக்கையில் காண்பீர்கள். ஊரும் அமீபா உடலை விட்டு வெளியேறினால் விரைவில் மடியும். நான்கு உட்கருக்களைக் கொண்ட சிஸ்டோ, ஈரமண்ணிலும் நீரிலும் பல நாள் உயிர்தாங்கும். குடிநீரில் வழக்கமாகச் சேர்க்கும் அளவுக் குளோரினையும் பெரிதும் தாங்கும். நோயைப் பரப்புவது இந்நிலையே. கொதிநீரில் அது அழியும். நீரைச் 'சுட வைத்துக்' குடிக்கிறோம் என்று பலர் சொல்வர். விரல் பொறுக்கும் சூடு போதாது. நீர் தளதளவென்று கொதித்து ஒரு நிமிடமேனும் நிற்க வேண்டும்.

மருத்துவத்தில் இவ்விரு நிலைகளுக்கும் தனித்தனியே மருந்து தேவைப்படுவதை நோயாளரிடம் விளக்குவதற்கே எங்கள் நேரத்தில் பெரும்பகுதி செலவாகிறது. திசுவுக்குள் புகுந்த அமீபாவை மெட்ரோனிடசோல் அல்லது டினிடசோல் அழிக்கும். அதை உட்கொண்ட இரண்டு மூன்று நாள்களில் கடுப்பும் காய்ச்சலும் தணியும். நோய் போய்விட்டது என்னும் எண்ணம் எழும். ஆனால் குடலின் உட்குழிவில் தங்கிய சிஸ்டுகளை அம்மருந்து முழுமையாக ஒழிப்பதில்லை. அதற்கெனவே டைலாக்சனைடு போன்ற இரண்டாம் மருந்து பின்னர் தரப்படுகிறது. அதை வாங்காமலே விடுபவர், தாம் நலமாக இருந்துகொண்டே வீட்டிலுள்ள குழந்தைக்கு நோயைக் கொடுக்கக்கூடும். சமைப்பவராக இருந்தால் இன்னும் பலருக்கு. மெட்ரோனிடசோல் உட்கொள்ளும் நாள்களில் வாயில் உலோகச் சுவை தோன்றுவது இயல்பு. அதற்காக நிறுத்த வேண்டாம். மது மட்டும் கூடவே கூடாது.

இங்கே ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். என்டமீபா டிஸ்பார் என்று வேறோர் அமீபா உண்டு. நுண்ணோக்கியில் அதன் சிஸ்ட், நோய் தரும் அமீபாவின் சிஸ்டைப் போலவே இருக்கும், ஆனால் தீங்கற்றது. இரண்டும் வெவ்வேறு என்று பிரெஞ்சு அறிஞர் புரும்ப் 1925இலேயே கூறினார். பல்லாண்டுகள் கழித்தே உலகம் அதை ஏற்றது. அமீபா தன்னுள் சிவப்பணுக்களை விழுங்கி வைத்திருப்பது தெரிந்தால், அது திசுவைக் கரைக்கும் இனமே என்று ஆய்வாளர் துணிவர். எனவே 'சிஸ்ட் காணப்படுகிறது' என்னும் ஒரே வரியைக் கண்டு கலங்கவும் வேண்டாம், தாமாகவே மருந்துக் கடைக்குச் செல்லவும் வேண்டாம். நோய்க்குறிகளோடு சேர்த்துப் பார்த்தே மருத்துவர் முடிவு செய்வார்.

மாதிரி தரும் முறையும் இதனோடு தொடர்புடையது. நீர்த்த மலத்தில் ஊரும் அமீபாவைக் காண வேண்டுமெனில் அரைமணி நேரத்திற்குள் மாதிரி ஆய்வுக்கூடத்தை அடைய வேண்டும். நேரம் கடந்தால் அது அசைவிழந்து அடையாளம் தெரியாமற் போகும். சிறுநீர் கலந்தால் அமீபா மடியும். வெளிநீர் கலந்தாலோ, அந்நீரில் இயல்பாகவே வாழும் தீங்கற்ற ஒருசெல் உயிரிகள் மாதிரிக்குள் புகுந்து ஆய்வாளரைக் குழப்பும். முன்னரே ஆன்டிபயாடிக் உட்கொண்டிருந்தால் அதையும் மறைக்காமல் கூறுங்கள்.

குடலில் வாழாத அமீபாக்களும் உண்டு. அகாந்தமீபா குழாய்நீரிலும் வாழும். கான்டாக்ட் லென்ஸைக் குழாய்நீரில் கழுவி அணிபவரின் கருவிழியில் அது புண்ணை உண்டாக்கலாம். வெதுவெதுப்பான நன்னீரில் வாழும் நெக்லேரியா, மூக்கின் வழியே மூளையை அடையக்கூடியது. மிக அரிய நோய். ஆனால் மிகக் கொடியது. அந்நீரைக் குடிப்பதால் அது வருவதில்லை, மூக்கினுள் நீர் ஏறுவதாலேயே வருகிறது. மூக்கைக் கழுவும் வழக்கமுடையோர் கொதித்து ஆறிய நீரையே பயன்படுத்துக.

கசையிழை உயிரிகளும் குறு இழை உயிரிகளும்

லீவன்ஹூக் கண்ட ஜியார்டியா, பாதியாக அரிந்த பேரிக்காய் போன்ற வடிவுடையது. இரண்டு உட்கருக்களும் எட்டுக் கசையிழைகளும் கொண்டது. நுண்ணோக்கியில் இரு கண்களால் நம்மைப் பார்ப்பதுபோல் தோன்றும். வயிற்றுப்புறத்து ஒட்டுத்தட்டால் சிறுகுடலின் சுவரைப் பற்றிக்கொள்ளும். குழந்தைகளுக்கு நாட்பட்ட வயிற்றுப்போக்கு, உப்புசம், நாற்றமிக்க கொழுப்பு மலம், எடை ஏறாமை ஆகியவற்றை உண்டாக்கும்.

இப்பிரிவில் சென்னையோடு தொடர்புடைய பெயர் ஒன்று உண்டு. காலா அசார் என்னும் கருங்காய்ச்சலில் மண்ணீரல் பெருத்து, உடல் இளைத்து, சிகிச்சை இல்லையெனில் பெரும்பாலோர் இறப்பர். அதன் காரணத்தை 1903இல் இருவர் தனித்தனியே கண்டனர்: ஒருவர் லீஷ்மன், மற்றொருவர் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பணியாற்றிய சார்லஸ் டோனவன். இருவர் பெயரையும் இணைத்து லீஷ்மேனியா டோனவானி என்று பெயரிட்டவர் ரொனால்டு ராஸ். இவ்வுயிரி மணல் ஈயின் உடலில் கசையிழையோடு நீந்தும். மனித உடலில் புகுந்ததும் அவ்விழையை ஒடுக்கிக்கொண்டு உருண்டையாகும். மண்ணீரலில் மட்டும் பார்த்தவர் அதைக் கசையிழை உயிரி என்று எப்படி அறிவார்? எந்தக் கூட்டத்தில் சேர்ப்பது என்று அக்கால அறிஞர் தடுமாறியதில் வியப்பில்லை.

குறு இழை உயிரிகளுள் பரமீசியம் எல்லாரும் அறிந்தது. செருப்பின் அடிபோன்ற உருவம். பெரியதும் சிறியதுமாக இருவகை உட்கரு. மனிதருக்கு நோய் தரும் குறு இழை உயிரி பலான்டிடியம் ஒன்றே. பன்றிகளின் குடலில் வாழ்வது, நம்மிடம் வருவது அரிது. இப்பிரிவைப் பற்றி மருத்துவமனை இதழில் இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

வித்துயிரிகள்: காத்திருக்கும் மலேரியா

1880இல் அல்ஜீரியாவின் கான்ஸ்டன்டைன் நகரில் பிரெஞ்சுப் படைமருத்துவர் லாவெரன், காய்ச்சலுற்ற வீரர் ஒருவரின் இரத்தத்தில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டார். அது கொசுவுக்குள் வளர்வதை 1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்தராபாத்தில் கண்டவர் ரொனால்டு ராஸ். இவ்வொட்டுண்ணியின் பேரினப் பெயர் பிளாஸ்மோடியம். கொசு கடிக்கும்போது உடலில் புகும் ஒட்டுண்ணிகள் முதலில் கல்லீரல் செல்களில் பெருகும். பிறகு இரத்தத்தில் இறங்கிச் சிவப்பணுக்களுக்குள் வளர்ந்து, அவற்றை வெடித்து வெளிவரும். வெடிக்கும் வேளையில் குளிரும் நடுக்கமும் காய்ச்சலும். வைவாக்ஸ் என்னும் இனத்தில் இச்சுழற்சிக்கு 48 மணி நேரம் ஆகிறது. ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் முறைக்காய்ச்சல் என்று முன்னோர் சொன்னதன் விளக்கம் இதுவே. நோயின் தொடக்க நாள்களில் இம்முறை ஒழுங்காக அமையாமலும் இருக்கலாம்.

அறிக்கையில் 'மலேரியா' என்னும் சொல்லோடு நின்றுவிடாமல், அடுத்து எழுதப்பட்டுள்ள இனப்பெயரையும் படியுங்கள். ஃபால்சிபாரம் என்றிருந்தால், நோயுற்ற சிவப்பணுக்கள் நுண்ணிய இரத்தக்குழாய்களின் சுவரில் ஒட்டிக்கொண்டு மூளை, சிறுநீரகம் ஆகியவற்றின் குருதியோட்டத்தைத் தடுக்கக்கூடும். பேச்சுக் குழறினாலும், மயக்கம் வந்தாலும், சிறுநீர் குறைந்தாலும் ஒரு மணி நேரமும் தாமதிக்கலாகாது. இதற்கு ஆர்டிமிசினின் வழிவந்த மருந்தைக் கூட்டு மருந்தாகத் தருகிறோம். அம்மூலப்பொருளை மாசிபத்திரி இனத்துச் செடி ஒன்றிலிருந்து பிரித்தெடுத்த சீன அறிவியலாளர் டு யூயூவுக்கு 2015இல் நோபல் பரிசு கிடைத்தது.

வைவாக்ஸ் என்றிருந்தால் இடர் வேறு வகையினது. அதன் ஒரு பகுதி கல்லீரலில் உறங்கும். குளோரோகுயின் மூன்று நாளில் இரத்தத்தைத் தூய்மையாக்கும், காய்ச்சல் நிற்கும், உறங்குவன அப்படியே கிடக்கும். சில வாரங்களோ மாதங்களோ கழித்து, புதிதாகக் கொசுக்கடி எதுவும் இன்றியே நோய் மீண்டும் எழும். உறங்குவனவற்றை அழிக்கும் பிரைமாகுயின் 14 நாள்களுக்கு எழுதித் தரப்படுகிறது. எங்கள் அனுபவத்தில், ஐந்தாம் நாளிலேயே அட்டையை ஓரமாக வைத்துவிட்டு வேலைக்குத் திரும்புவோர் மிகப் பலர். அவர்களைக் குறை கூறுவதும் எளிதன்று. காய்ச்சல் இல்லாத உடம்புக்கு மருந்து எதற்கு என்று தோன்றுவது மனித இயல்பு. நாள்காட்டியில் பதினான்கு கட்டங்களைக் குறித்து, ஒவ்வொன்றாக அடிக்கும் பொறுப்பைக் குடும்பத்தில் ஒருவர் ஏற்றால் நன்று. ஜி6பிடி என்னும் நொதி குறைந்தோருக்கு இம்மருந்து சிவப்பணுக்களைச் சிதைக்கும். கருவுற்ற தாய்மாருக்கும் இதைத் தருவதில்லை. ஆகவே அப்பரிசோதனையை ஏன் எழுதினார்கள் என்று ஐயுற வேண்டாம். மருந்து உட்கொள்ளும் நாள்களில் சிறுநீர் கருஞ்சிவப்பாக மாறினால் உடனே மருந்தை நிறுத்திவிட்டு வாருங்கள்.

சென்னை போன்ற நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் அனாஃபிலிஸ் ஸ்டீபன்சி என்னும் கொசு, சாக்கடையை நாடுவதில்லை. மூடாத கிணறும் மாடித் தொட்டியின் தூய நீருமே அதற்கு உவப்பான இடங்கள். தொட்டிக்கு மூடி போடுவதும் மலேரியா மருத்துவத்தின் ஒரு பகுதியே.

இப்பிரிவைச் சேர்ந்த கிரிப்டோஸ்போரிடியம் குளோரினுக்கு அஞ்சுவதே இல்லை. 1993இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில், சுத்திகரிக்கப்பட்டு வந்த குழாய்நீரின் வழியே ஏறத்தாழ நான்கு இலட்சம் பேர் இதனால் வயிற்றுப்போக்குற்றனர். உடல்நலமுள்ளவர் தாமாகவே தேறிவிடுவர்; எதிர்ப்பாற்றல் குன்றியோருக்கே இது ஆபத்து. டாக்சோபிளாஸ்மாவும் அவ்வாறே: பூனையின் கழிவாலும் வேகாத இறைச்சியாலும் வருவது, கருவுற்றோரும் உறுப்புமாற்றம் செய்துகொண்டோரும் விழிப்பாயிருக்க வேண்டியது.

கடற்பஞ்சுகள்: செல்கள் கூடி வாழ்ந்த முதற்படி

இனி விலங்கியல் நூலின் அடுத்த பாடம். துளையுடலிகள் என்னும் கடற்பஞ்சுகள் பல செல்களால் ஆனவை. ஆனால் உண்மையான திசுக்களோ, வாயோ, குடலோ, நரம்போ, இதயமோ அவற்றுக்கில்லை. பாறையில் ஒட்டி ஓரிடத்திலேயே வாழ்வதால் நெடுங்காலம் தாவரமாகவே எண்ணப்பட்டன. 1765இல் ஜான் எல்லிஸ் அவற்றின் துளைகளில் நீர் உட்புகுவதையும் வெளியேறுவதையும் கண்டு, இவை விலங்குகளே என்றார். இன்று அறியப்பட்ட இனங்கள் 8,000க்கும் மேல். பெரும்பாலானவை கடலில் வாழ்வன; மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகளிடையே பலநிறத்துக் கடற்பஞ்சுகள் உண்டு. நன்னீர்க் குளங்களில் வாழும் குடும்பம் ஒன்றும் இருக்கிறது. கோடையில் குளம் வற்றும்போது அவை உறையிட்ட சிற்றுருண்டைகளை விட்டுச்செல்லும். மழை வந்ததும் அவ்வுருண்டைகளிலிருந்து புதிய பஞ்சு முளைக்கும். அமீபாவின் சிஸ்டை இங்கே நினைவுகூரலாம்.

பஞ்சின் உடற்சுவரெங்கும் ஆஸ்டியா என்னும் நுண்துளைகள். அவற்றின் வழியே நீர் உட்புகுந்து, உட்குழிவை அடைந்து, ஆஸ்குலம் என்னும் பெருந்துளை வழியே வெளியேறும். நீரோடு வரும் நுண்ணுயிர்களே உணவு. நேரான குழாய்போல் அமைந்தது ஆஸ்கான் வகை. சுவர் மடிந்தது சைகான் வகை. எண்ணற்ற சிற்றறைகளாகக் கிளைத்தது லியூகான் வகை. விரல் பருமனே உள்ள லியூகான் வகைப் பஞ்சு ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 22 லிட்டர் நீரை வடித்துத் தள்ளுகிறது என்று கணக்கிட்டிருக்கின்றனர்.

வகைப்படுத்துவது எலும்புக்கூட்டைக் கொண்டே. சுண்ணாம்பு முட்கள் கொண்டவை கால்கேரியா. ஆறுமுனைச் சிலிக்கா முட்கள் கொண்ட கண்ணாடிப் பஞ்சுகள் ஹெக்சாக்டினெல்லிடா. சிலிக்கா முட்களோ, ஸ்பாஞ்சின் என்னும் மென்னாரோ, இரண்டுமோ கொண்டவை டெமோஸ்பாஞ்சியா. இனங்களில் பெரும்பங்கு இம்மூன்றாம் வகுப்பைச் சேர்ந்தவை. அண்மைக் காலத்தில் ஹோமோஸ்கிளிரோமார்பா என்னும் நான்காம் வகுப்பும் பிரிக்கப்பட்டது. குளிப்பதற்குப் பயன்பட்ட இயற்கைப் பஞ்சு, செல்கள் அழிந்தபின் எஞ்சும் ஸ்பாஞ்சின் கூடே. நாம் பாத்திரம் தேய்ப்பது செயற்கைப் பஞ்சு. அதற்கும் இதற்கும் பெயரளவிலேயே உறவு.

நீரோட்டத்தை உண்டாக்குவன கழுத்துப்பட்டைச் செல்கள். ஒரு கசையிழை, அதைச் சுற்றிச் சட்டைக் கழுத்துப்பட்டைபோல் நுண்விரல்களின் வேலி. இதே வடிவில் தனித்து வாழும் ஒருசெல் உயிரிகள் உண்டு. இரண்டின் ஒற்றுமையை 1860களில் ஜேம்ஸ் கிளார்க் சுட்டிக்காட்டினார். விலங்குகள் அனைத்துக்கும் மிக நெருங்கிய ஒருசெல் உறவு அவ்வுயிரிகளே என்று இன்றைய மரபணு ஆய்வும் கூறுகிறது. விலங்கியல் நூல் இவ்விரு பாடங்களையும் அடுத்தடுத்து வைத்தது வீணன்று.

1907இல் எச்.வி. வில்சன் என்பவர் உயிருள்ள கடற்பஞ்சு ஒன்றை மெல்லிய பட்டுத்துணியில் இட்டுப் பிழிந்தார். செல்கள் தனித்தனியே பிரிந்து நீரில் விழுந்தன. சிறிது நேரத்தில் அவை ஊர்ந்து, ஒன்றையொன்று தேடிச் சேர்ந்து, மீண்டும் பஞ்சாக அமைந்தன. தன் இனத்தை அறிந்து ஒட்டிக்கொள்வதும், எல்லை அறிந்து நிற்பதும் பலசெல் வாழ்வின் முதல் நிபந்தனைகள். அந்த எல்லையை மறந்த செல்லையே புற்றுநோய்ப் பிரிவில் நாங்கள் நாள்தோறும் எதிர்கொள்கிறோம்.

பஞ்சிலிருந்து வந்த மருந்து

ஓடித் தப்ப இயலாத கடற்பஞ்சு, வேதிப்பொருள்களாலேயே தன்னைக் காத்துக்கொள்கிறது. அமெரிக்காவின் ஃபுளோரிடா கடற்கரையில் எடுத்த ஒரு பஞ்சினத்திலிருந்து, வெர்னர் பெர்க்மன் என்னும் வேதியியலாளரும் அவருடன் பணியாற்றியவரும் விந்தையான சில சேர்மங்களைப் பிரித்து 1951இல் வெளியிட்டனர். டி.என்.ஏ.வின் கட்டுமானப் பொருள்களைப் போன்றவை அவை; ஆனால் அவற்றில் வழக்கமான சர்க்கரைக்கு மாறாக அராபினோஸ் என்னும் சர்க்கரை இருந்தது. சர்க்கரையில் நேர்ந்த சிறு மாற்றம், செல்லை ஏமாற்றப் போதுமானது என்பதை அறிஞர் உணர்ந்தனர். அம்மாதிரியைப் பின்பற்றி 1959இல் ஆய்வகத்தில் உருவாக்கியதே சைட்டராபின். 1969இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதற்கு ஒப்புதல் அளித்தது. விரைந்து பெருகும் செல் அதைத் தன் டி.என்.ஏ.வில் செங்கல்லென்று எண்ணி வைக்கும். அதற்கு மேல் சுவர் எழாது. இன்றும் கடும் மயலாய்டு இரத்தப் புற்றுநோயில் முதற்கட்டச் சிகிச்சையின் தூண் இம்மருந்தே. வழக்கமான முறையில் ஏழு நாள் இடைவிடாது நரம்பின் வழியே ஏற்றப்படுவது.

ஜப்பானியக் கடற்பஞ்சான ஹாலிகாண்ட்ரியா ஒகாடையில் 1986இல் கண்டறிந்த பொருளின் அமைப்பைத் தழுவிச் செய்யப்பட்ட எரிபுலின், பரவிய மார்பகப் புற்றுநோய்க்கு 2010 முதல் பயன்பட்டு வருகிறது.

இச்செய்தியைக் கேட்ட நோயாளரின் குடும்பத்தார் சிலர், "நாங்கள் சைவம்; இந்த மருந்தை ஏற்றிக்கொள்ளலாமா?" என்று தயக்கத்துடன் வினவுவதுண்டு. தாராளமாக ஏற்றிக்கொள்ளலாம். கடற்பஞ்சு வழிகாட்டியது மட்டுமே. இன்று இவ்விரு மருந்துகளும் முழுக்க வேதிமுறையில் செய்யப்படுகின்றன. கடலுணவு ஒவ்வாமை உள்ளோரும் அதன்பொருட்டு அஞ்ச வேண்டியதில்லை. ஆயினும் ஒவ்வாமை எதுவாயினும் செவிலியரிடம் கூறிவிடுங்கள்.

சைட்டராபின் புற்றுச் செல்லை மட்டும் தேர்ந்து தாக்குவதில்லை. எலும்பு மச்சையில் விரைந்து பெருகும் நல்ல செல்களையும் தடுக்கிறது. அதனால் வெள்ளணுக்கள் சில வாரங்களுக்கு மிகவும் தாழ்ந்துவிடும். அந்நாள்களில் உடல்வெப்பம் 38 பாகை செல்சியஸைத் தொட்டால், இரவானாலும் விடியட்டும் என்று காத்திராமல் அவசரப் பிரிவுக்கு வாருங்கள். காய்ச்சல் மாத்திரையைக் கொடுத்து வெப்பத்தை மறைக்காதீர்கள். உயர்ந்த அளவில் மருந்து ஏற்றுவோருக்குக் கண்ணில் சொட்டு மருந்து எழுதியிருப்போம். கண் சிவக்காமலிருக்க அது வேண்டும், வேளை தவறாமல் விடுக. குடிநீரும் வாய் கொப்பளிக்கும் நீரும் கொதித்து ஆறியவையாக இருக்கட்டும். வீட்டில் பூனை இருந்தால் அதன் கழிவை வேறொருவர் அகற்றட்டும். பச்சைக் காய்கறிக் கலவை, வெளியிடத்துச் சட்னி, வெட்டி வைத்த பழம் ஆகியவற்றை அணுக்களின் எண்ணிக்கை உயரும்வரை தள்ளிவையுங்கள். எண்ணிக்கை எப்போது உயர்ந்தது என்பதை ஒவ்வொரு இரத்தப் பரிசோதனைக்குப் பின்னும் எங்களிடமே கேட்டறியலாம்.